தன்னைத் தானே கடைந்த மோட்டார்

திண்டிவனத்தில் மோட்டார் எரிந்துபோனவர்களுக்கு லூர்துசெல்வியைத் தெரியும். எரியாதவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. செஞ்சி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், வீட்டை ஒட்டிப் போட்ட தகரக் கொட்டகையின் வாசலில் ‘லூர்து மோட்டார் ஒர்க்ஸ்’ என்று பலகை தொங்கும். 2014-ல் அங்கே நான்கு பெண்கள் வேலை பார்த்தார்கள். நான்கு பேருக்கும் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டத் தெரியும். நான்கு பேருக்கும் இரும்பை வைஸில் கவ்வ வைத்து அரம் போடவும் தெரியும். மோட்டார் கடைகளுக்குள் போய் வந்தவர்கள் இதைப் படித்தால் முதல் செய்தியைத் தாண்டிப் போய்விட்டு, இரண்டாவதில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

ஏன் என்றால், ஊர் வழக்கம் வேறு. 1993-ல், பத்தொன்பது வயதில், லூர்துசெல்வி விழுப்புரத்தில் அரங்கநாதன் என்பவரின் கடையில் காயில் கட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். திருவெண்ணெய்நல்லூர் பக்கத்துக் கரும்புத் தோட்டங்களிலிருந்து எரிந்த பம்புசெட் மோட்டார்கள் பஸ் ஏறி அந்தக் கடைக்கு வரும். கடையில் யாரும் எழுதி ஒட்டாத சட்டம் ஒன்று இருந்தது. மேஜை பெண்களுக்கு, வைஸ் ஆண்களுக்கு. கம்பியை எண்ணிச் சுற்றுவதும், சுற்றியதை மோட்டாரின் வயிற்றுக்குள் பிசகாமல் திணிப்பதும் பெண்கள் வேலை. பேரிங் கழற்றுவது, பெல்ட் ஓடும் புல்லியை மாட்டுவது, மோட்டாரிலிருந்து நீட்டிக்கொண்டு சுற்றுகிற ஷாஃப்டைத் தேய்ப்பது, சுருக்கமாகச் சொன்னால் இரும்பு என்று பேர் இருக்கிற எல்லாம் ஆண்கள் வேலை. செம்பு இரும்பைவிட விலை அதிகம் என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

லூர்துசெல்விக்குக் கை மேஜையில் இருந்தாலும் கண் வைஸில் இருந்தது. ஃபிட்டர்கள் புல்லியை ஷாஃப்டில் ஏற்றும் விதம் அவளுக்குப் பிடிக்கவே இல்லை. ஓட்டை கொஞ்சம் இறுக்கமாக இருந்தால் போதும், ஒரு கட்டையை வைத்துச் சுத்தியால் ஓங்கி ஓங்கி அடிப்பார்கள். புல்லி ஏறிவிடும். ஆனால் அந்த அடி மொத்தமும் ஷாஃப்ட் வழியாக உள்ளே போய் பேரிங்கில் இறங்கும். ஆறு மாதத்தில் அதே மோட்டார் ‘கரகர’ என்று கத்திக்கொண்டு திரும்பி வரும். இதை ஒருநாள் சொல்லியும் பார்த்தாள். தலைமை ஃபிட்டர், பேர் பாண்டுரங்கன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நீ எண்ணிக்கினு இரும்மா. எண்ணிக்கை தப்பிடப் போவுது,” என்றார்.

எண்ணிக்கை தப்பவில்லை. அவளுக்கு எப்போதும் தப்பாது. ஆனால் அந்த வார்த்தை மனசில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. மறுவருஷம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒரு வெர்னியர் வாங்கினாள். தலைமயிர் கனத்தைக்கூட அளந்து சொல்கிற கருவி அது. சாப்பாட்டு வேளையில் மற்றவர்கள் தூக்குவாளியைத் திறக்கும்போது இவள் ஷாஃப்டுகளை அளந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொள்வாள். முதலாளி அரங்கநாதன் அதைப் பார்த்தார். தடுக்கவும் இல்லை, வைஸுக்கு அனுப்பவும் இல்லை. கெட்ட மனுஷர் இல்லை, வழக்கத்தை மாற்றுகிற மனுஷரும் இல்லை.

2001-ல் கல்யாணம். மாப்பிள்ளை ராயப்பன் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை எடை போடுகிறவர். கல்யாணமாகி நாலாவது மாதம் அவள் வீட்டை ஒட்டிக் கொட்டகை போட்டு, மூன்று பேஸ் கரண்டுக்கு எழுதிப் போட்டு, பலகையும் மாட்டிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாரும் நேராக ராயப்பனிடம் போய், மோட்டார் எப்படி முனகியது, எப்படிப் புகைந்தது என்று விலாவாரியாகச் சொல்வார்கள். அவரும் டாக்டர் மாதிரித் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, கடைசியில், “எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, மெக்கானிக் உள்ள இருக்காங்க,” என்பார். இந்த விளையாட்டில் அவருக்கு அலுப்பே வந்ததில்லை. பாதிப்பேர் அதற்கு மேல் உள்ளே வராமல் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கே போனார்கள்.

உள்ளே வந்தவர்களில் முக்கியமானவர் வெங்கடாசலம். ஊருக்கு வெளியே அவருக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மிஷின் இருந்தது. சித்திரைப் பட்டத்துக்கு விதைக்கிற சம்சாரிகள் காய்ந்த காயை மூட்டையாகக் கொண்டுவந்து, தோலுடைத்துப் பருப்பாக வாங்கிக்கொண்டு போவார்கள். அது ஓடுவது வருஷத்தில் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களில் அது நின்றால் சுற்றுவட்டாரமே வெங்கடாசலத்தின் வாசலில் வந்து உட்கார்ந்துவிடும்.

2006 ஏப்ரலில் அது நின்றது. ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு, அதற்கு முதல் நாள் மிஷினின் இரண்டு ஹெச்.பி. மோட்டார் எரிந்து, வெங்கடாசலம் அதை லூர்துசெல்வியின் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். இரண்டே நாளில் காயில் கட்டி முடித்தாள். கட்டிய காயிலை வார்னிஷில் நனைத்துக் காயவைக்க வேண்டும். பெரிய கடைகளில் அதற்குச் சூட்டு அடுப்பு உண்டு. அவளுக்கு மொட்டை மாடிதான் அடுப்பு, கோடை வெயில்தான் நெருப்பு. மூன்று நாள் வெயில் பட்டால் வார்னிஷ் கல்லாக இறுகிவிடும். ஆனால் அந்தத் திங்களும் செவ்வாயும் வானம் மூடிக்கொண்டு கோடை மழை பிடித்தது. மழையைக் கண்ட சம்சாரிகளுக்கு ஈரத்தில் விதைத்துவிட வேண்டும் என்று அவசரம். மூட்டைகள் குவிந்தன. வெங்கடாசலம் ஒருநாளில் மூன்று தடவை வந்து நின்றார்.

“ஜல்தி குடும்மா. ஒரே பேஜாரா கீது அங்க.”

புதன்கிழமை மதியம் அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள். மேலே ஒட்டவில்லை. உள்ளே காய்ந்திருக்குமா என்று மனசு ஒரு தரம் கேட்டது. கேட்ட மனசை அதட்டிவிட்டுக் கொடுத்தனுப்பினாள். வியாழக்கிழமை பகல் பதினொரு மணிக்கு மோட்டார் மறுபடி எரிந்தது.

அவள் போய்த் திறந்து பார்த்தாள். அடியில் இருந்த காயில்களில் வார்னிஷ் பச்சையாக, கொழகொழவென்று கருகிக் கிடந்தது. தப்பு அவளுடையது. வேறு யார்மேலும் போட முடியாதது. சுற்றி முப்பது பேர் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். “வோல்டேஜு சரியில்லை போல,” என்று ஒருவர் அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். லூர்துசெல்வி வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் அவளுக்கே கசந்தது.

திரும்பக் காயில் கட்டிக் காயவைக்க நாலைந்து நாள் ஆகும். அதுவரை ஈரம் நிற்காது. ஆனால் கொட்டகையில் அவளுடைய சொந்த மோட்டார் ஒன்று இருந்தது. விழுப்புரத்தில் பழைய இரும்புக் கடையில் வாங்கி, தை மாதமே காயில் கட்டி, காய வேண்டிய அளவுக்கு மேலேயே காய்ந்த மூன்று ஹெச்.பி. மோட்டார். “அதைக் கொண்டாந்து மாட்டிடறேன்ணே. சனிக்கிழமை காலைல மிஷின் ஓடும்,” என்று வாக்குக் கொடுத்தாள்.

வெங்கடாசலம் நல்லவர்தான், ஆனால் பயந்துபோயிருந்தார். “நீ செய்ம்மா. மனசுல ஒண்ணும் வச்சுக்காத, அரங்கநாதனுக்கும் ஒரு போன் போட்டுடறேன். எதுக்கும் அவரும் ஒரு மோட்டாரோட வந்துடட்டும்.”

அதன் அர்த்தம் அவளுக்குப் புரிந்தது. சனிக்கிழமை காலையில் அவளுடைய மோட்டார் ஓடவில்லை என்றால், அவளுடைய பழைய முதலாளி, அவளுடைய ஊரிலேயே, அவளுடைய வாடிக்கைக்காரர்கள் முப்பது பேர் பார்க்க, தன் மோட்டாரை மாட்டிவிட்டுப் போவார். அதற்கப்புறம் பலகையைக் கழற்றிக்கொண்டு விழுப்புரத்து மேஜைக்கே போகலாம், எண்ணிக்கினு இருக்கலாம்.

வீட்டுக்கு வந்து வெர்னியரை வைத்தபோதுதான் அடுத்த இடி. எரிந்த மோட்டாரிலிருந்து கழற்றி வந்த புல்லியின் ஓட்டை இருபத்துநாலு மில்லி. அவளுடைய பெரிய மோட்டாரின் ஷாஃப்ட் இருபத்தெட்டு. நாலு மில்லி, அதாவது ஒரு நூல் அளவுக்கும் கொஞ்சம் மேலே பருமன். ஓட்டையைப் பெரிதாக்கவும் இரும்பு கடைகிற லேத் வேண்டும், ஷாஃப்டை மெலிதாக்கவும் லேத் வேண்டும். ஊரிலிருந்த லேத்காரர் வியாழக்கிழமை சாயங்காலமே ஷட்டரை இழுத்துவிட்டு மாமியார் ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் வெள்ளிக்கிழமை, சித்திரை ஒன்று, வருஷப் பிறப்பு. அந்த வருஷம் பெரிய வெள்ளியும் அதே நாளில் வந்து விழுந்தது. புல்லி விற்கும் கடை, லேத், எல்லாமே பூட்டு.

பெரிய வெள்ளியன்று அவர்கள் வீடுகளில் சுத்தியைக் கையில் எடுப்பதில்லை. இயேசுவைச் சிலுவையில் ஆணி அடித்த நாள். அன்றைக்கு இரும்பின்மேல் இரும்பு அடிக்கிற சத்தம் வீட்டில் கேட்கக் கூடாது. வியாழன் பொழுது சாய்ந்ததும் தொடங்கினால் சனிக்கிழமை ராத்திரிப் பாஸ்கா பூசையில் மணி அடிக்கிறவரை இந்த விரதம். கோவிலில் யாரும் போட்ட சட்டம் இல்லை, ஆனால் அவளுடைய அப்பா வீட்டிலும் இருந்தது, ராயப்பன் வீட்டிலும் இருந்தது. பெரிய வியாழன் பூசைக்குப் போகும் முன் ராயப்பன் வழக்கம்போலச் சுத்தியைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்தார். வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

“எடுத்துக் குடுக்கட்டுமா? சாமி மன்னிச்சுக்கும்.”

“வேணாங்க. எடுக்காமலே ஆவுதான்னு பாக்கறேன்.”

வெள்ளிக்கிழமை விடிந்து ஆறு மணிக்கு அவள் கொட்டகையில் அந்த மோட்டாருக்கு எதிரே உட்கார்ந்து யோசித்தாள். லேத் என்ன செய்கிறது? இரும்பைச் சுற்றவைக்கிறது. சுற்றுகிற இரும்பின்மேல் ஒரு கத்தி நகர்ந்து சீவுகிறது. அவ்வளவுதானே. இந்த ஷாஃப்டைச் சுற்றவைக்க லேத் எதற்கு? சுற்றுவதைத் தவிர இந்த மோட்டாருக்கு வேறு பிழைப்பு ஏது? நிமிஷத்துக்கு ஆயிரத்து நானூறு சுற்றுச் சும்மா சுற்றுமே. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராயப்பன் எட்டிப் பார்த்து, “இன்னா, நோன்பு தலைக்கேறிடுச்சா?” என்றார்.

மோட்டாருக்கு அடியில் பெல்ட் இறுக்குவதற்கென்று இரண்டு இரும்பு ரெயில்கள் இருக்கும். போல்ட்டைத் திருகினால் மோட்டார் அதன்மேல் மயிரிழை மயிரிழையாகப் பக்கவாட்டில் நகரும். அந்த ரெயிலோடு மோட்டாரை மேடைமேல் இறுக்கினாள். ஷாஃப்டுக்கு இணையாக ஒரு இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, கையால் பிடிக்கிற கிரைண்டரை ஒரு பலகையில் கட்டி, பலகை அந்தச் சட்டத்தை ஒட்டியே முன்னும் பின்னும் போகும்படி செய்தாள். எல்லாம் ஸ்பேனர் வேலை. ஒரு இடத்திலும் அடிக்க வேண்டியிருக்கவில்லை. இரும்புத் தூள் பேரிங்குக்குள் போகாமல் அட்டையில் ஓட்டை போட்டு, கிரீஸ் தடவி ஷாஃப்டின் கழுத்தில் மாலையாகப் போட்டாள். ராயப்பனுக்கு ஸ்விட்ச் வேலை. அவருக்கு அரம் பிடிக்கத் தெரியாது, ஆனால் சொன்ன பேச்சைக் கேட்பார். கட்டிய கணவனிடம் இந்தக் குணம் எவ்வளவு அருமை என்பது அவளுக்கு அன்றைக்குத் தெரிந்தது.

“எதிர்ல நிக்காதீங்க, பக்கத்துல வாங்க. போடுங்க.”

மோட்டார் ஓடியது. கிரைண்டரையும் ஓடவிட்டுப் பலகையை மெல்லத் தள்ளினாள். கல் ஷாஃப்டைத் தொட்டதும் பொறி ஒரு விசிறியாக விரிந்தது. ஒரு தரம் போய் வந்தால் போல்ட்டில் கால் திருகு. மறுபடி ஒரு தரம். மறுபடி கால் திருகு. ராயப்பன் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தன் ஷாஃப்டைத் தானே சுற்றித் தானே கடைந்துகொண்டிருந்தது அந்த மோட்டார்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்னஸ் அக்கா ஓடிவந்தாள். சிலுவைப்பாதைக்குக் கட்டிய வெள்ளைப் புடவையோடு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“ஏன்டி செல்வி, பெரிய வெள்ளியும் அதுவுமா இரும்புல கை வெக்கிற?”

“சுத்தி எடுக்கலக்கா. ஒரு ஆணி அடிக்கல. முப்பது வீட்டு விதை காத்துக்கினு கீது.”

அக்னஸ் அக்கா கொஞ்ச நேரம் மோட்டாரைப் பார்த்தாள், அப்புறம் மேலே பார்த்தாள். “மூணு மணிக்குக் கோயிலுக்கு வந்துடு,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

பத்தரை மணிக்கு ஷாஃப்டின் பருமன் இருபத்தைந்து மில்லியை நெருங்கியது. கிரைண்டரை ஒதுக்கிவிட்டு அரத்தை எடுத்தாள். ஓடுகிற ஷாஃப்டில் அரத்தைச் சரியாகப் பிடித்தால் சோப்பு சீவுகிற மாதிரி இறங்கும், கொஞ்சம் தவறினால் கையைப் பிடுங்கிவிடும். வேர்வை கண்ணில் வழிந்தது. வெர்னியரில் இன்னும் இரண்டு மூன்று கோடுதான் பாக்கி. “போதும், வந்துடுச்சு. எமரித்தாள் ரெண்டு இழு இழுத்தா முடிஞ்சுது,” என்றார் ராயப்பன்.

உப்புத்தாள் மாதிரி மெல்லத் தேய்க்கிற அந்த எமரித்தாளுக்கு அவள் கை போய்விட்டது. போன கையை அவள் நிறுத்தினாள். தேய்த்த சூட்டில் ஷாஃப்ட் உப்பியிருக்கும். சூட்டில் அளந்தால் வெர்னியர் பொய் சொல்லும். இப்போது சரியாக இருக்கிற அளவு ஆறினால் ஒரு கோடு இறங்கும், புல்லி லொடலொடக்கும், தேய்த்த இரும்பைத் திரும்பச் சேர்த்துவைக்க வழியே கிடையாது. புதன்கிழமை மதியம் செய்ததை வெள்ளிக்கிழமை செய்ய அவளுக்கு மனம் இல்லை.

“நிறுத்துங்க. ஆறட்டும்,” என்று சொல்லி எழுந்துகொண்டாள்.

கோவிலுக்குப் போனார்கள். நோன்புக் கஞ்சி குடித்து, திருச்சிலுவையை முத்தமிட்டு, சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் திரும்பினார்கள். ஷாஃப்ட் சில்லென்று இருந்தது. அளந்தாள். இன்னும் ஒன்றரைக் கோடு. எமரித்தாளைப் பிடித்து, நிறுத்தி, ஆறவிட்டு, அளந்து, மறுபடி பிடித்து, வெளிச்சம் இருக்கும்போதே இருபத்துநாலில் கொண்டுவந்து நிறுத்தினாள். பளபளத்த அந்தத் தண்டு விளக்குச் சுடர்போல நேராக நின்றது.

மிச்சம் இருந்தது கீ-வே. புல்லி ஷாஃப்டில் நழுவாமல் இருக்க நீளவாக்கில் ஒரு பள்ளம் உண்டு, அதில் ஒரு இரும்புத் துண்டைச் செருகுவார்கள். ஷாஃப்ட் மெலிந்ததும் அந்தப் பள்ளமும் பாதியாகிவிட்டது. ஃபிட்டர் யாராக இருந்தாலும் உளியை வைத்து நாலு போடு போட்டுப் பள்ளத்தை ஆழமாக்குவார். அவளுக்கு அன்றைக்கு உளியும் இல்லை, போடுவதற்குச் சுத்தியும் இல்லை. மூன்று ரம்ப பிளேடுகளை ஒன்றாகச் சேர்த்துக் கம்பியால் கட்டினாள். பள்ளத்துக்குள் அதை விட்டு அறுத்தாள், அப்புறம் சின்ன அரத்தால் சமப்படுத்தினாள். வெள்ளி ராத்திரி விளக்கைப் போட்டு ஒரு மணி நேரம், சனி விடிந்து இன்னொரு மணி நேரம். விரல் கணு இரண்டிலும் தோல் உரிந்தது. ஆனால் உளி கொத்திய பள்ளம் அரித்த பல் மாதிரி இருக்கும், இது பெட்டி போலச் சதுரமாக இருந்தது. இருபத்துநாலு மில்லி ஷாஃப்டில் நாலு மில்லி ஆழம். வெர்னியரை எடுத்துத் துடைத்து உறையில் போட்டபோது அவளுக்குப் பெருமையாக இருந்தது. யாரும் பார்க்காத இடத்திலேயே பெருமையாக இருந்தது.

சனிக்கிழமை எட்டு மணிக்கு மல்லாட்டை மிஷின் கொட்டகையில் கூட்டம் கூடிவிட்டது. ராயப்பனோடு மோட்டாரை இறக்கி, போல்ட் போட்டு நிறுத்திவிட்டு, லூர்துசெல்வி மல்லாட்டைத் தோலை அள்ளி அடுப்பு மூட்டினாள். அலுமினியக் குண்டானில் தண்ணீர் வைத்து அதற்குள் புல்லியைப் போட்டாள். வரிசையில் முதல் மூட்டைக்குச் சொந்தக்காரி வீரம்மாள் மூக்கில் விரல் வைத்தாள்.

“இன்னாம்மா, புல்லிய வேக வெக்கிற?”

“சூடு பட்டா ஓட்டை கொஞ்சம் விரியும்ங்க. தானா ஏறிக்கும்.”

அப்போதுதான் வேன் வந்து நின்றது. அரங்கநாதன் இறங்கினார், தலை நன்றாக நரைத்திருந்தது. பின்னால் பாண்டுரங்கன், இடுப்பில் சுத்தியோடு. வேனுக்குள் பளபளவென்று ஒரு இரண்டு ஹெச்.பி. மோட்டார். குண்டானைப் பார்த்துப் பாண்டுரங்கன் வாய்விட்டுச் சிரித்தார்.

“ரெண்டு போடு போட்டா ஏறிடப் போவுது. நவுரு, நான் போடறேன்.”

“இன்னைக்குச் சுத்தி படக் கூடாதுங்க. நாளைக்கும் நான் போட மாட்டேன், அது வேற விஷயம்,” என்றாள் அவள்.

அரங்கநாதன் கையைக் காட்டி ஃபிட்டரை நிறுத்தினார். குனிந்து ஷாஃப்டைப் பார்த்தார். விரலால் தடவினார், நகத்தால் அந்தப் பள்ளத்தின் ஓரத்தைச் சுரண்டினார். மூட்டைகளில் நம்பர் போட வைத்திருந்த சாக்பீஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு, “ஸ்விட்சைப் போடு,” என்றார். மோட்டார் ஓடியது. சாக்பீஸை அசையாமல் பிடித்து, ஷாஃப்டைத் தொடுகிறதா இல்லையா என்கிற தூரத்துக்குக் கொண்டுபோனார். ஷாஃப்ட் கோணலாக இருந்தால் மேடான பக்கத்தில் மட்டும் வெள்ளைக் கீறல் விழும். நிறுத்திப் பார்த்தார். சுற்றிலும் ஒரே சீராக, மோதிரம் போட்ட மாதிரி ஒரு கோடு.

“எந்த லேத்துல குடுத்த?”

“லேத் எல்லாம் லீவுங்க மொதலாளி. அதையே ஓடவிட்டு அதையே கடைஞ்சேன்.”

அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார். தன் பேரிங்கிலேயே சுற்றிக் கடைந்த ஷாஃப்ட் அந்த மோட்டாருக்கு எந்த லேத்தையும்விட நேராக நிற்கும் என்பது அவருக்குத் தெரியாததில்லை. அவருடைய கடையில் அது யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

வெங்கடாசலம் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். “ரெண்டு மோட்டாரு கீது. எதை மாட்டறதுன்னு சொல்லுங்கப்பா. போன தடவ வோல்டேஜு காலை வாரிடுச்சு...”

இதற்கு மேல் லூர்துசெல்வியால் முடியவில்லை. சொன்னால் மோட்டார் மட்டும் அல்ல, பேரும் போகலாம். முப்பது பேர் காதும் திறந்திருந்தது.

“வோல்டேஜு இல்லண்ணே. என் தப்பு. உள்ள வார்னிஷ் காயல. நீங்க ஜல்தின்னீங்க, நானும் குடுத்துட்டேன். குடுத்திருக்கக் கூடாது.”

ராயப்பன் தரையைப் பார்த்தார். பாண்டுரங்கன் அரங்கநாதனைப் பார்த்தார். வெங்கடாசலம் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் குண்டானைப் பார்த்தார். லூர்துசெல்விக்கு வியாழக்கிழமை முதல் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போய்விட்டது.

“இந்த மோட்டாரு காஞ்சிருக்கா?” என்றாள் வீரம்மாள்.

“தை மாசமே காஞ்சிடுச்சுங்க.”

“அப்ப மாட்டு. தப்ப ஒத்துக்கினவ இன்னொரு தரம் செய்ய மாட்டா. எனக்கு ஈரம் போவுது.”

அரங்கநாதன் வேன்காரனிடம் திரும்பினார். “நம்ம மோட்டார இறக்க வேணாம்.”

லூர்துசெல்வி சாக்குத் துணியால் புல்லியைக் கொதிக்கிற தண்ணீரிலிருந்து தூக்கினாள். ஆவி பறக்க ஷாஃப்டின் முனையில் வைத்து, பள்ளத்துக்கு நேராகத் திருப்பித் தள்ளினாள். வழுக்கிக்கொண்டு போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. ஒரு தட்டுக்கூடத் தேவைப்படவில்லை. ஆறியதும் கையால் ஆட்டிப் பார்த்தாள், பாறை. பெல்ட்டைப் போட்டு ஸ்விட்சை அழுத்தினாள். மிஷின் ஒரு குலுக்குக் குலுங்கிவிட்டுச் சீராகப் பாடியது. வீரம்மாளின் மூட்டை முதலில் இறங்கியது. தோல் ஒரு பக்கம் பறக்க, சிவப்புப் பருப்பு இன்னொரு பக்கம் கொட்டியது. வீரம்மாள் ஒரு கை அள்ளி உடைசல் இருக்கிறதா என்று கிளறினாள், கையை உதறிவிட்டு அடுத்த சாக்கைப் பிடித்தாள். அதைவிடப் பெரிய சான்றிதழ் அந்தக் கொட்டகையில் கிடையாது.

மத்தியானத்துக்குள் பதினொரு மூட்டை முடிந்தது. அதுவரை அரங்கநாதன் போகவில்லை. ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து மோட்டாரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். வேனில் ஏறும் முன் அவளிடம் வந்தார். பாண்டுரங்கன் இரண்டடி தள்ளி நின்றார்.

“செல்வி, நம்ம கடையில இதே மாதிரி ரெண்டு மோட்டாரு மூலையில கிடக்குது. ஷாஃப்ட் பெருசுன்னு யாரும் எடுக்கல. திங்கக்கிழமை அனுப்பி வெக்கறேன். புதன்கிழமை குடுத்துடுவியா?”

விழுப்புரத்து இரும்பு திண்டிவனத்துக்கு வருகிறது. அதுவும் அவளிடம் வருகிறது. அவளுக்கு அந்த இடத்திலேயே ‘சரி’ என்று கத்த வேண்டும் போலிருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டாள்.

“அனுப்புங்க மொதலாளி, செஞ்சு தர்றேன். ஆனா எந்தக் கிழமைன்னு நான்தான் சொல்வேன்.”

பாண்டுரங்கனுக்கு முகம் சுருங்கியது. அரங்கநாதன் வேன் கதவில் கையை வைத்தபடி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“சொல்லும்மா. நீ சொல்ற அன்னிக்கு நானே வந்து எடுத்துக்கினு போறேன்,” என்றார்.